தோளைப் பிடித்துச் சொல்ல வேண்டியது

காசிம் பக்கத்து வீட்டு இலந்தை மரத்தின் கவட்டையில் நின்று கொப்பை வளைத்து இலை உருவிக்கொண்டிருந்தான். கீழே வீட்டுக்காரர் பாஷ்யம் குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். மழை ஒன்றும் இல்லை. முள் விழும் என்று.

"முப்பத்தாறு வயசுல மரம் ஏறாதேன்னு சொன்னாக் கேக்கறயா. ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு இலை பறிக்க என்னால ஆகாதுடா" என்றார். சொன்ன பிறகு, சாவு வீட்டுக்காரனிடம் சொல்கிற பேச்சா இது என்று தோன்றியிருக்க வேண்டும். குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அத்தா இருந்தால் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அத்தா தங்கள் வீட்டில், கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டு, வெள்ளை வேட்டிக்கடியில் படுத்திருந்தார். விடிகிற நேரத்தில் தண்ணீர் கேட்டார். தம்ளர் வருவதற்குள் போய்விட்டார். காத்திருப்பது அவருக்கு எப்போதுமே பிடிக்காது.

மய்யத்தைக் குளிப்பாட்டும் முதல் தண்ணீரில் இலந்தை இலையைப் போடுவது ஊரில் எல்லா முஸ்லிம் வீட்டுக்கும் பொதுவான வழக்கம். இலையை உருவி முடித்த பிறகு, காசிம் முழ நீளத்தில் இரண்டு பச்சைக் குச்சிகளை ஒடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். அது பொது இல்லை. அது ஷியாக்களின் வழக்கம். மய்யத்தைச் சுற்றும் கபன் துணிக்குள் இரண்டு பக்கமும் பச்சைக் குச்சி வைப்பார்கள். அதில் ஈரம் இருக்கும் மட்டும் கபர் குழிக்குள் வேதனை இருக்காது என்பார்கள்.

"குச்சி எதுக்குடா?" என்றார் பாஷ்யம். குடைக்கடியிலிருந்தும் அவர் பார்வை போயிருந்தது.

"எங்க வழக்கம், மாமா."

"எங்கன்னா முஸ்லிம் எல்லாருக்குமா, இல்லே உங்க நாலு ஆத்துக்காராளுக்கா?"

"எங்க நாலு வீட்டுக்கு."

"அப்போ நான் பாக்கலே." குடையை மடக்கினார். "நெத்தியில நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையான்னு எங்க பெரியப்பா கோர்ட்டுக்கு நடந்தே கால் தேஞ்சு போனவர். எனக்கு எல்லாம் புரியும். இறங்கு, மெதுவா."

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலுமாகச் சேர்த்து நாலு ஷியா வீடுகள். எந்தக் காலத்திலோ ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். உருது வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டது. முஹர்ரத்தில் மட்டும் உருதுவில் அழுவார்கள். அர்த்தம் யாருக்கும் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் அழ வேண்டும் என்பது தெரியும். அந்த நாலிலும் இப்போது ஒரு வீட்டில் பூட்டு, ஒரு வீட்டில் பக்கவாதம், ஒரு வீட்டில் பெண்கள் மட்டும். நாலாவது வீட்டின் ஆண்பிள்ளை மரத்திலிருந்து இறங்கி, முழங்கையில் முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அத்தாவின் பெயர் பாகர் அலி. ஊர் அவரைப் பஞ்சர் பாய் என்றுதான் சொல்லும். அதற்கு முன்னால் அவர் கொஞ்ச காலம் பஜாரில் டீக்கடை வைத்திருந்தார். ஷியாக்கள் அடுத்தவனுக்குக் கொடுப்பதில் எச்சில் துப்பித்தான் கொடுப்பார்கள் என்று யாரோ எங்கிருந்தோ கேள்விப்பட்டு வந்து சொன்னார்கள். முதலில் பள்ளிவாசல் கூட்டம் வருவதை நிறுத்தியது. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று மற்றவர்களும் நிறுத்தினார்கள். அத்தா கடையை ஏறக்கட்டிவிட்டு தேரடி வேப்பமரத்தடியில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். அங்கே காற்றடித்து முடித்ததும் வால்வ் வாயில் எச்சில் தொட்டு வைத்து, குமிழ் வருகிறதா என்று பார்ப்பார். ஒருத்தர்கூட ஒன்றும் சொன்னதில்லை. "முப்பது வருசமா இதே எச்சில்லதாம்லே உங்களுக்கெல்லாம் சோறு போடுதேன்" என்பார் பிள்ளைகளிடம்.

ஈரானுக்கும் ஈராக்குக்கும் சண்டை நடந்த வருடங்களில், டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருக்கிறவரிடம் வந்து, "பாய், உங்காளுக சண்டைய எப்ப நிப்பாட்டப் போறாக?" என்று கேட்பவர்கள் உண்டு. "இந்தப் பஞ்சர முடிச்சிட்டுச் சொல்லி விடுதேன்" என்பார் அத்தா. போன மாதம்தான் சண்டை நின்றது. தன்னிடம் கேட்காமலே நிறுத்திவிட்டார்கள் என்று அத்தாவுக்குக் குறைதான்.

காசிம் வீட்டுக்குள் நுழைந்தபோது பிச்சை முகம்மது வந்திருந்தார். சுன்னி ஜமாத்தின் செயலாளர். பெரிய அரிசி மண்டிக்காரர். காசிமின் தங்கை அசீனாவின் புருஷன் அசன் முகம்மது அந்த மண்டியில்தான் லோடு பார்க்கிறான். ஷியா மாப்பிள்ளை கிடைக்காமல் அசீனாவை சுன்னி வீட்டில் கொடுத்திருந்தார்கள். கொடுக்கும்போதே, இனி இந்தப் பழக்கமெல்லாம் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அசீனா தலையாட்டினாள். அவள் பிறந்த வீட்டில் எல்லாருக்குமே தலையாட்டுவது நன்றாக வரும்.

பிச்சை முகம்மது கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சிரமம். பள்ளிவாசலிலிருந்து மய்யத்தைத் தூக்கிப்போகும் சந்தூக்கைத் தானே ஆள் விட்டுத் தூக்கி வரச் செய்திருந்தார். காசிமின் தோளில் கைபோட்டு வாசல் பக்கம் அழைத்துப் போனார்.

"மையவாடியில எடம் சொல்லியாச்சு. அம்புட்டு லேசுல ஒத்துக்கிடல. உங்க பெரியத்தாவுக்கு எடம் குடுக்கல பாத்தியா, அதையே சொல்லிச் சொல்லி வாதாடுனானுக. நான் விடல."

பெரியத்தாவைக் கண்மாய்க் கரைப் புறம்போக்கில்தான் அடக்கினார்கள். அடுத்த மழைக்குக் கண்மாய் பெருகி வடிந்தபோது கரையின் வடிவமே மாறிவிட்டது. ஃபாத்திஹா ஓதப் போனால் எந்தப் பக்கம் பார்த்து ஓதுவது என்று அத்தா நின்றுகொண்டிருப்பார். கடைசியில் கண்மாய்க்கே மொத்தமாக ஓதிவிட்டு வருவார்.

"ரொம்ப உபகாரம்ணே" என்றான் காசிம்.

"ஹஜரத் தொழ வைப்பாரு. நாலு தக்பீரு. மண்ணு போட்டதும் துஆ. அம்புட்டுதான். அந்தக் குழிக்குள்ள எறங்கி உலுக்குறது, அந்தப் பேரு இந்தப் பேருன்னு ஓதுறது, இதெல்லாம் நம்ம மையவாடியில வேண்டாம்ப்பா. நான் மதிப்புக் கொறைவாச் சொல்லல. புரியுதா?"

"புரியுதுண்ணே."

"வெள்ளிக்கெழம ஒங்கிட்ட தலைக்கட்டு வரி வாங்கப் போறோம். கூட்டத்துல சொல்லிட்டேன். அன்னைக்கே கடைச் சாவிய ஒங்கைல குடுத்திருவேன். நீயே கெடுத்துக்கிடாத."

"சரிண்ணே."

பள்ளிவாசல் கட்டடத்தில், பஜாரைப் பார்த்த கடை. வேப்பமரத்தடியைக் காலி செய்யச் சொல்லி முனிசிபாலிட்டி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டது. ஜமாத்துக்கு வரி கட்டுகிற தலைக்கட்டுக்குத்தான் அந்தக் கட்டடத்தில் கடை கொடுப்பார்கள். மையவாடியில் இடமும், கல்யாணத்துக்குச் சாட்சியும்கூட அப்படித்தான். வரியைக் கட்டிவிடுகிறோம் என்று வருடக்கணக்காகக் கெஞ்சியும் வாங்கிக்கொள்ளப்படாத குடும்பம் உலகத்திலேயே இதுவாகத்தான் இருக்கும்.

போன வாரம் கடை விஷயத்தைச் சொன்னபோது அத்தா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் காசிம் நினைத்தான்.

"உசுருக்குப் பயந்து நம்ம வழிய மறைக்கலாம்லே. அதுக்கு நமக்கு அனுமதி இருக்கு" என்றார் சுவரிடம். "கடைக்குப் பயந்து மறைக்கலாமான்னு தெரியல. கிதாபப் பாத்துச் சொல்லவும் இந்தச் சீமையில ஆளில்ல."

பிறகு, "என்னிய எங்க வேணாலும் பொதைங்க. தோளப் பிடிச்சு உலுக்கி, பன்னெண்டு இமாம் பேரையும் காதுல சொல்லிரு. கபருல மலக்குமாரு வந்து கேள்வி கேக்கும்போது நான் திருதிருன்னு முழிப்பேன். எனக்கு எப்பவுமே பரீட்சைன்னா ஒதறல்" என்றார்.

காசிம் அதற்கும் சரி என்றுதான் சொன்னான். ஆக, ஒரே காரியத்துக்கு இரண்டு பேரிடம் இரண்டு விதமாகச் சரி சொல்லியாகிவிட்டது. அவனுக்குச் சரி என்ற சொல் தும்மல் மாதிரி, நினைத்து வருவதில்லை.

கொல்லையில் திரை கட்டிக் குளிப்பாட்டினார்கள். காசிம் தண்ணீர் ஊற்ற, அசன் முகம்மது தேய்த்தான். முதலில் இலந்தை இலை போட்டது, பிறகு கற்பூரம் கரைத்தது, கடைசியில் வெறும் தண்ணீர். அத்தாவின் வலதுகை விரல் இடுக்குகளில் இருந்த பஞ்சர் சொல்யூஷன் கறை எதற்கும் போகவில்லை. அசன் முகம்மது நகத்தால் சுரண்டப் பார்த்தான்.

"விடு மாப்ள. அது போகாது" என்றான் காசிம்.

கபன் சுற்றும்போது காசிம் குச்சிகளை எடுத்தான். அசன் முகம்மது அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, திரைக்கு வெளியே தலையை நீட்டி, "அத்தர எங்க வச்சீக?" என்று யாரையோ சத்தமாகக் கேட்டான். அத்தர் அவன் காலடியில்தான் இருந்தது. அவன் திரும்புவதற்குள் காசிம் குச்சிகளை உள்ளே வைத்து மூடிவிட்டான்.

கபனுக்குள் போனது போனதுதான். இனி யாருக்கும் தெரியாது. குச்சி வைத்தாகிவிட்டது, அது போதாதா என்று காசிம் தனக்குள் பேரம் பேசிக்கொண்டான். அத்தா பேரம் படிகிறவர்தான். ஆனால் இதில் படிந்ததாகத் தெரியவில்லை.

முகம் பார்க்கப் பெண்கள் வந்தார்கள். அசீனா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கை தானாக எழும்பியது. வாசலில் ஜமாத்தார் நிற்பது ஞாபகம் வந்து, அந்தக் கையால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். அம்மா, அப்ரோஸ் பேகம், அழவே இல்லை. புருஷனின் நெற்றியில் ஒட்டியிருந்த ஓர் இலைத் துணுக்கை எடுத்துப் போட்டாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"குழிக்குள்ள நீதான எறங்குவ?"

"ஆமாம்மா."

"மத்தவுகள எறங்க விட்ராத."

"நாந்தான் எறங்குவேன்."

"சரி" என்றாள் அம்மா.

பள்ளிவாசலில் ஹஜரத் தொழவைத்தார். "அல்லாஹு அக்பர்" என்று நாலு தக்பீர் சொல்லி, இரண்டு பக்கமும் சலாம் கொடுத்து முடித்தார். ஷியாக்களுக்கு அது ஐந்து தக்பீர். முதல் வரிசையில் நின்ற காசிம் ஐந்தாவதை மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அல்லாஹ் அதைக் கேட்டுக்கொள்வான். பிச்சை முகம்மதுவுக்குக் கேட்காது. இந்த ஏற்பாடு இரண்டு பேருக்குமே வசதி என்று நினைத்தபோது, தன்னைப் பற்றி அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மையவாடியில் ஓரத்துக் குழி. ஆனாலும் மதிலுக்கு உள்ளே. காசிமும் அசன் முகம்மதுவும் உள்ளே இறங்கினார்கள். மேலிருந்து மய்யத்தை இறக்கினார்கள். அத்தா இவ்வளவு கனமாக இருப்பார் என்று காசிம் நினைக்கவில்லை. வலது பக்கமாகச் சாய்த்து, கிப்லாவைப் பார்த்து வைத்து, முதுகுக்கு மண்கட்டியால் முட்டுக்கொடுத்து, கபனின் முடிச்சுகளை அவிழ்த்தார்கள். முகத்தை விலக்கிக் கன்னத்தை மண்ணில் படவைத்தார்கள். அதுவரைக்கும் எல்லாம் பொதுதான்.

"அம்புட்டுதான், பலகைய வாங்கிக்க" என்றது மேலேயிருந்து பிச்சை முகம்மதுவின் குரல்.

காசிம் அண்ணாந்து பார்த்தான். குழிக்குள்ளிருந்து பார்க்கும்போது ஜமாத் என்பது வெறும் கால்களாகத்தான் தெரிந்தது. விளிம்பைச் சுற்றி வெறுங்கால்கள், மண் ஒட்டிய கணுக்கால்கள், கைலி ஓரங்கள். பிச்சை முகம்மதுவின் கால்கள் எவை என்று அவனுக்குத் தெரிந்தது. சர்க்கரைக்காரர், கட்டைவிரலில் பிளாஸ்திரி.

பலகையை வாங்கக் கையை உயர்த்தினான். உயர்த்திய கையைக் கீழே இறக்கினான்.

அவன் தைரியசாலி இல்லை. அந்த நேரத்திலும் ஆகிவிடவில்லை. அந்தக் கால்களைப் பார்க்காமல் இருக்கத்தான் முதலில் உட்கார்ந்தான் என்றுகூடச் சொல்லலாம். உட்கார்ந்த பிறகு அத்தாவின் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. முகத்தில் கேலி இல்லை. பரீட்சைக்கு உட்கார்ந்தவன் முகம் மாதிரி இருந்தது.

வலது கையால் வலது தோளையும் இடது கையால் இடது தோளையும் பிடித்தான். உயிரோடு இருந்தபோது அத்தாவை அவன் இப்படித் தொட்டதில்லை. எழுப்ப வேண்டுமென்றாலும் கட்டிலைத்தான் ஆட்டுவான். பிடித்து உலுக்கினான்.

"கேளுங்க, வெளங்கிக்கோங்க, பாகர் அலியே, ஜவாது அலியின் மகனே" என்று அரபியில் தொடங்கினான். குரல் முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஆனால் குழிக்குள் முணுமுணுப்புக்கும் ஒரு முழக்கம் உண்டு. மேலே பேச்சு நின்றது.

"காசிம்" என்றார் பிச்சை முகம்மது. அதட்டலாக இல்லை. விழப்போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

காசிம் நிறுத்தவில்லை. இறைவன் யார், ரசூல் யார் என்பதெல்லாம் சரளமாக வந்தன. பிறகு இமாம்களின் பெயர்கள். அலி. உலுக்கினான். ஹசன். ஹுசைன். முஹர்ரத்தில் அழுவது அந்தப் பெயருக்குத்தான். அலி ஜெய்னுல் ஆபிதீன். முகம்மது பாகர், அத்தாவுக்கு வைத்த பெயர் அவருடையதுதான். ஜாபர் சாதிக்.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான். ஆறாவது பெயரில் வந்து நின்றது. இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்லாமல் சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்ததில், ஏழாவதிலிருந்து அப்படியே அழிந்து கிடந்தது. கையில் பிடித்த தோள்களோடு அவன் அத்தாவைப் பார்த்தான். பரீட்சை அத்தாவுக்கு. முழித்தது மகன்.

மேலே யாரோ செருமினார்கள். இரண்டு கால்கள் பின்வாங்கின.

"மூசா காசிம்" என்றது ஒரு குரல்.

அசன் முகம்மது மய்யத்தின் கால்மாட்டில் குத்தவைத்திருந்தான். தலை குனிந்திருந்தது. சொன்னது தானில்லை என்பதுபோல மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாவது இமாமின் பெயர். தனக்கு வைத்த பெயரையே மறந்திருக்கிறோம் என்பது காசிமுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னான். உலுக்கினான்.

"அலி ரிஸா" என்றான் அசன் முகம்மது. அதில் ஒரு ராகம் இருந்தது. தொட்டிலை ஆட்டுகிற கைக்கு ஏற்ற இழுப்பு. "முகம்மது தக்கி... அலி நக்கி..."

ஒவ்வொன்றாக அவன் எடுத்துக் கொடுக்க, காசிம் அத்தாவின் காதில் சேர்த்தான். பதினொன்று. பன்னிரண்டு.

"உனக்கு எப்படி மாப்ள?" என்றான் காசிம், கையை எடுக்காமலே.

"புள்ளைகளத் தூங்க வைக்கச்சே உங்க தங்கச்சி இதத்தான் பாடுதா. எங்கம்மா தாலாட்டுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்காக." மூக்கை உறிஞ்சினான். "நானும் அதக் கேட்டுத்தான் தூங்குதேன்."

காசிம் கபனை இழுத்து அத்தாவின் முகத்தை மூடினான். மேலே பார்த்தபோது பிளாஸ்திரி போட்ட கால் திரும்பிவிட்டிருந்தது. அதன் பின்னால் ஒவ்வொரு ஜோடியாகக் கால்கள் போயின. ஹஜரத்தின் கால்கள் சிறிது நேரம் நின்றன. பிறகு அவையும் நகர்ந்தன. குழிவெட்டுகிறவர் மட்டும் யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பலகைகளை எடுத்து நீட்டினார். இருவரும் வாங்கி, ஒன்றை ஒட்டி ஒன்றாகச் சாய்த்து வைத்தார்கள். அத்தா தெரியாமல் போனார். குழிவெட்டுகிறவர் மண்வெட்டி எடுக்கப் போனார்.

"உங்க கடைக்கு ஆள் வேணுமா மச்சான்?" என்றான் அசன் முகம்மது.

"எந்தக் கடைக்கு?"

"அதத்தான் நானும் கேக்கேன். மண்டிக்கு நான் நாளைக்குப் போகவேண்டிய சோலி இல்லல்லா."

காசிமுக்குச் சிரிப்பும் இன்னொன்றும் ஒன்றாகக் கிளம்பின. இரண்டையும் விழுங்கினான். ஏறுவதற்காகக் கையை மேலே நீட்டினான். குழிக்குள் இறங்கியவனை மேலே நிற்பவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிடுவது வழக்கம். கை வரவில்லை. மண் விளிம்பும், அதற்கு மேல் வெயிலும்தான் இருந்தன.

அசன் முகம்மது சுவரோரமாகக் குனிந்து, இரண்டு கை விரல்களையும் கோத்து, படி மாதிரி வைத்தான்.

"ஏறுங்க."

"கால்ல பூரா ஈர மண்ணா இருக்கு மாப்ள."

"ஏறுங்க மச்சான்."

காசிம் அந்தக் கையில் மிதித்து ஏறினான். விளிம்பில் குப்புறப் படுத்து, தோள்வரை குழிக்குள் நீட்டி, அசன் முகம்மதுவை இழுத்துத் தூக்கினான். இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். தூரத்தில் மையவாடி வாசல் வேம்படியில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். வருவதா போவதா என்று அவர்களுக்கே தெரியவில்லை.

மூன்று பிடி மண் போட வேண்டும். அசன் முகம்மதுவின் உள்ளங்கைகளில் காசிமின் கால் தடம் ஈர மண்ணாக அப்பியிருந்தது. அவன் அதைக் கைலியில் துடைக்கப் போனான். பிறகு துடைக்காமலே குனிந்து முதல் பிடியை அள்ளினான்.